முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்

மைன்ஸ், ஜெர்மனி
18 ஜூன் 2023

அன்புள்ள ஜெயாவுக்கு,

நலமா? உன் வீட்டுக்காரர் பாலகணேஷ் அண்ணன் நலமா? இங்கே ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன். நீ எண்ணூர் வெயிலில் வெந்துகொண்டிருப்பாய்.

நேற்று போனை வைத்த பிறகு எனக்குப் பயமாகிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் பேசியிருந்தால் எந்தப் படத்துக்கு என்ன விடை வந்தது என்று உளறியிருப்பேன். நீயும் கேட்டிருப்பாய். அதனால் இன்றிலிருந்து நமக்குள் போன் கிடையாது. கடிதம்தான். எழுதும்போது கொஞ்சம் யோசிப்போம்.

புரோட்டானுக்குள் வேகத்தைப் பகிர்ந்துதரும் இரண்டு குளுவான்களை வைத்து முதல் கணக்கை நாம் பிறப்பதற்கு முன்பே முடித்துவிட்டார்கள். நாம் போடுவது அதற்கு அடுத்த திருத்தம். துகள்கள் மோதுவதைக் கோடுகளாக வரைந்த ஆயிரத்து நாற்பது படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. நீ உன் வழியில் போடு, நான் என் வழியில் போடுகிறேன். கடைசியில் ஒப்பிடுவோம். பொருந்தினால் கட்டுரை, பொருந்தாவிட்டால் சண்டை. உன் பகுதிநேர பி.எச்டி.க்கும் இந்த ஒரு கட்டுரை போதும். என் பேராசிரியர், யார் சரிபார்க்கப் போகிறார் என்று கேட்டார். "எர்ணாவூரில் ஒருத்தி இருக்கிறாள். எம்.எஸ்ஸி. படிக்கும்போது என் கூட்டல் கழித்தல் குறித் தவறுகளை எல்லாம் பிடித்தவள்" என்றேன்.

இன்னொன்று. என் அத்தாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி. அம்மா போன பிறகு கல்மண்டபம் வீட்டில் அவர் ஒருவர்தான். தம்பி முபாஷிருக்கு ஷார்ஜாவில் லீவு கிடைப்பதில்லை. உன்னால் முடிந்தால் சனிக்கிழமை மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்ப்பாயா? முடியாவிட்டால் சொல்லிவிடு. உன்னிடம் கேட்க எனக்குக் கூச்சம் இல்லை என்பதால் கேட்கிறேன்.

உன்
ஆஃபி


எர்ணாவூர்
27 ஆகஸ்ட் 2023

அன்பு ஆஃபிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. கல்லூரியில் ஒருத்தர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருடைய வகுப்புகளும் என் தலையில்.

அத்தா தைரியமாக இருக்கிறார். முதல் வாரம் ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது நர்ஸுக்கே எந்த நரம்பு என்று சொல்லிக்கொடுக்கிறார். செவ்வாய்க்கிழமை வருகிற நர்ஸ் கை நிதானம், வியாழக்கிழமை வருகிறவள் அவசரக்காரி என்று அவருக்கு ஒரு கணக்கு. கல்லூரி முடிந்து மீஞ்சூரில் ரயில் ஏறிக் கொருக்குப்பேட்டையில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைத்துவிடுகிறது. அவரைப் படுக்க வைத்துவிட்டால் நாலு மணி நேரம். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு படங்களைப் போடலாம் என்று பார்த்தால், அவர் எங்கே விடுகிறார்!

"இன்னாமா அது, எப்பப் பாத்தாலும் கோடு கோடா வரைஞ்சிகினு கீறே?" என்று கேட்டார்.

"புரோட்டான் அத்தா. உள்ள மூணு குட்டி கீது. எலக்ட்ரான் வேகமா வந்து ஒண்ண அடிக்கும். அடி வாங்குனது மட்டும் ஓடிச்சின்னா புரோட்டான் ஒடஞ்சிடும். அது தன் வேகத்த மத்த ரெண்டுக்கும் பிரிச்சிக் குடுத்திச்சின்னா மூணும் ஒண்ணா ஓடும். ஒடையாது."

"பிரிச்சிக் குடுக்கறதுக்கு எவ்ளோ சான்ஸு கீது?"

"அதத்தான் நானும் ஆஃபியும் கணக்கு போட்றோம்."

"ரொம்ப வேகமா அடிச்சா?"

"சான்ஸு கொறஞ்சிகினே போவும்."

"முப்பது வருசம் கயிறு வித்தேன். எந்தக் கயிறு எவ்ளோ தாங்கும்னு கையால புடிச்சிப் பாத்து சொல்லிடுவேன். உங்களுக்குப் புடிச்சிப் பாக்கக்கூட ஒண்ணும் இல்லியே, பாவம்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

கணக்கு நடக்கிறது. கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு இருக்காதே.

அன்புடன்
ஜெயா


மைன்ஸ்
22 அக்டோபர் 2023

என் ஜெயா,

உன் கடிதம் முழுக்க அத்தாதான் இருக்கிறார். உன் கணக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு வரி உண்டா? நான் முடித்துவிட்டேன்! போன வியாழக்கிழமை கடைசிப் படம். முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் நடந்தேன்.

என் மடிக்கணினி பழசு, எப்போது போகும் என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் நம் பொதுக் கோப்புறையில் போட்டு வைத்திருக்கிறேன். பூட்டு எதுவும் போடவில்லை. உன்னிடம் எதற்கு? நீ முடிக்கும் வரை திறக்காதே, அவ்வளவுதான்.

இப்போது ஒரு விஷயம். உன்னை அவசரப்படுத்தக் கூடாது என்று பத்து நாளாக எழுதாமல் இருந்தேன். இங்கே என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. வேறொரு பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷ வேலை ஒன்று வந்திருக்கிறது. ஜனவரியில் நேர்காணல். அதற்குள் கட்டுரை வெளியே வந்திருந்தால் எனக்குக் கிடைக்கும் என்று பேராசிரியர் சொல்கிறார். கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். டிசம்பர் நடுவுக்குள் முடியுமா, ஜெயா?

அத்தா போனில் பேசும்போதெல்லாம் "ஜெயா வந்துகினுதான் கீது" என்கிறார். சனிக்கிழமைகளைத்தானே சொல்கிறார்? அவர் கொஞ்சம் கூட்டித்தான் பேசுவார்.

முத்தங்கள்,
ஆஃபி


எர்ணாவூர்
10 டிசம்பர் 2023

அன்பு ஆஃபிக்கு,

புயல் செய்தி பார்த்திருப்பாய். நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். என் நைனாவின் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கழிமுகத்துப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் ஏறி, குப்பத்தில் வலைகள் எல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கின்றன. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நோட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அத்தாவுக்கு டயாலிசிஸ் நாள். ரயில் இல்லை. எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர் வரை நானும் என் தம்பி திலீப்பும் தண்ணீரில் நடந்தே போனோம். அங்கிருந்து ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். அத்தா சட்டை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருக்கிறார். "நீ வருவேன்னு தெரியும்மா" என்றார். திலீப் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடியது. ஒன்றும் குறையில்லை. பயப்படாதே.

ஆஃபி, உன் கோப்பைத் திறந்து ஒப்பிட்டுவிட்டேன். பொருந்துகிறது. கட்டுரையை அனுப்பிவிடு.

ஜெயா


மைன்ஸ்
21 ஜனவரி 2024

ஜெயா, என் தங்கமே,

கிடைத்துவிட்டது! வேலை கிடைத்துவிட்டது. அக்டோபரில் சேர வேண்டும். அதுவரை பேராசிரியர் என்னை இங்கேயே வைத்துக்கொள்கிறார். நேர்காணலில் ஒரு பெரியவர் எழுந்து, "இவ்வளவு படங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். 'இரு ஆசிரியர்களும் ஒருவர் கணக்கை ஒருவர் பாராமல் தனித்தனியே செய்து ஒப்பிட்டனர்.' அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

கணக்கைப் பற்றி உன் பதில் ஏன் இவ்வளவு சின்னதாக இருந்தது? புயல் களைப்பா? நான் இங்கே தனியாகக் குதித்துக்கொண்டிருக்கிறேன், நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய். பரவாயில்லை. ஊருக்கு வரும்போது உன்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிடுவேன், சொல்லிவிட்டேன்.

உன்
ஆஃபி


மைன்ஸ்
23 ஜூன் 2024

அன்புள்ள ஜெயா,

ஒரு சின்னச் சிக்கல். வேறொரு குழு இதே திருத்தத்தைக் கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறது. அவர்கள் எண் வேறு, நம் எண் வேறு. கொஞ்ச வித்தியாசம் இல்லை. அவர்களில் ஒருவர் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். 'உங்கள் இரண்டு கணக்குகளும் தனித்தனியானவை என்பதால் எங்கள் பக்கம்தான் தவறு இருக்க வேண்டும். இரண்டாவது கணக்கையும் பார்க்கக் கிடைக்குமா?' என்கிறார்.

உன் நோட்டுகளை ஸ்கேன் செய்து அனுப்பு. அவர்கள் எங்கே தவறினார்கள் என்று பிடித்துவிடலாம்.

ஆஃபி


மைன்ஸ்
14 ஜூலை 2024

ஜெயா,

மூன்று வாரமாகிறது. விதியை மீறிப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அத்தாவிடம் கேட்டேன். நேற்றுக்கூட நீ வந்து நகம் வெட்டிவிட்டுப் போனதாகச் சொல்கிறார். எனக்கு மட்டும் ஏன் பதில் இல்லை?

ஆஃபியா


எர்ணாவூர்
21 ஜூலை 2024

ஆஃபி,

நோட்டுகள் இல்லை. புயலில் போகவில்லை, பரணில்தான் இருக்கின்றன. ஆனால் நீ கேட்கிற கணக்கு அவற்றில் இல்லை.

போன நவம்பர் கடைசியில் நான் முடித்திருந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். உன் அக்டோபர் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படிப்பேன். நாள் போதாது என்று தெரிந்துவிட்டது. இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பாலகணேஷ் யார்டுக்கு வேலைக்குப் போன பிறகு, உன் கோப்பைத் திறந்தேன். என்னுடைய முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அழகாகப் போட்டிருந்தாய். மிச்சமும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். இல்லை, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு வாரம் கழித்துப் பொருந்துகிறது என்று உனக்கு எழுதினேன்.

தனித்தனியே செய்தோம் என்ற அந்த வரி கட்டுரையில் வரும் என்று எனக்குத் தெரியும். நீ அனுப்பிய பிரதியில் அதைப் படித்தேன். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். உனக்கு நேர்காணல் நாலு நாளில். சொல்லவில்லை.

நேரமில்லாமல் போனதற்கு நான் எந்தக் காரணமும் சொல்ல மாட்டேன். யாரையும் கை காட்ட மாட்டேன். முடியவில்லை என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எம்.எஸ்ஸி.யில் உன் தவறுகளைப் பிடித்தவள் என்று நீ பேராசிரியரிடம் சொல்லி வைத்திருக்கிறாய். அந்த ஜெயாவாகவே இருக்க ஆசைப்பட்டேன்.

அவர்களிடம் என் பெயரைச் சொல். என்ன வந்தாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஜெயஸ்ரீ


மைன்ஸ்
8 செப்டம்பர் 2024

ஜெயஸ்ரீக்கு,

ஆகஸ்ட் முழுவதும் என் தவறைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் எண்தான் சரி என்று மூன்றாவது ஒரு குழுவும் சொல்லிவிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். 'இரண்டாவது கணக்கு முழுமையாகச் செய்யப்படவில்லை' என்று குறிப்பில் எழுதினேன். உன் பெயரைப் போடவில்லை. இரண்டு பேர் எழுதிய கட்டுரையில் பெயரைப் போடாமல் என்ன மறைக்க முடியும்? உன் பல்கலைக்கழகத்திலும் கேட்பார்கள். வேலைக் குழுவுக்கு நானே விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். இங்கே இன்னும் கொஞ்ச நாள் மாணவர்களின் பயிற்சித் தாள் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கில் தப்பு என்னுடையது. அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எல்லோருக்கும் தப்பு வரும் என்பதால்தானே இரண்டாவது ஆள். 'முடியலடீ' என்று ஒரு வரி எழுதியிருந்தால் வேலை போயிருக்கும், பெயர் மிஞ்சியிருக்கும்.

காரணம் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தாய். முபாஷிரிடம் கேட்டு அத்தாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளின் படங்களை வாங்கினேன். கூட வந்தவர் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் உன் கையெழுத்து. நீ பொருந்துகிறது என்று எழுதிய நாள் வரைக்கும் எழுபத்தொரு முறை. நான் சனிக்கிழமை மட்டும்தான் கேட்டேன், ஜெயா. என் அத்தாவைப் பார்த்துக்கொண்டு என் கணக்கைக் கைவிட்டிருக்கிறாய். உன்மேல் கோபப்பட்டால் நன்றி கெட்டவள் ஆகிறேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. என்னை இப்படி ஒரு இடத்தில் நிறுத்த உனக்கு என்ன உரிமை?

இனி நீ அத்தாவிடம் போக வேண்டாம். தண்டபாணி என்று ஒருவரை முபாஷிர் ஏற்பாடு செய்திருக்கிறான். மருத்துவமனையில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர். அத்தாவிடம் நம் விஷயம் எதையும் சொல்லாதே.

ஆஃபியா


கல்மண்டபம், ராயபுரம்
6 பிப்ரவரி 2025

ஜெயஸ்ரீ,

நாளைக் காலை விமானம். பன்னிரண்டு நாள் இங்கே இருந்தேன். எர்ணாவூர் பஸ் வாசலிலேயே போகிறது. நான் ஏறவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது அத்தாவை அடக்கம் செய்து முழுதாக ஒரு நாள் ஆகியிருந்தது. நீ தெருமுனையில் நின்றுவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா மாமி சொன்னார்கள்.

அவருடைய சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜனவரி இருபத்தொன்று செவ்வாயும் இருபத்து மூன்று வியாழனும் வெறுமையாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். பத்தொன்பது மாதத்தில், புயலில்கூட, ஒரு நாள் தவறாதவர். தண்டபாணியைக் கேட்டால், "அவரே வரமாட்டேன்னு சொல்லிட்டாரும்மா. யார்கிட்டயோ போன்ல பேசினாரு, அப்புறம் அசையவே இல்ல" என்கிறார். முபாஷிர் இதையெல்லாம் கிளறாதே என்கிறான். அத்தாவின் போனில் பார்த்தேன். இரண்டு நாளும் உன் எண்.

என்ன பேசினார்? சொல்.

ஆஃபியா


எர்ணாவூர்
16 பிப்ரவரி 2025

ஆஃபி,

பத்து நாள் யோசித்தேன். உனக்கு எழுதுகிற எதிலும் இனிப் பொய் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். அதனால் நடந்தது இதுதான்.

செப்டம்பருக்குப் பிறகு நான் போகவில்லை. அவர் வாரம் ஒருமுறை போன் செய்வார். கல்லூரியில் பரீட்சை என்பேன். ஜனவரியில் ஒரு நாள், "நாலு மாசமாவா பரீட்சை?" என்று கேட்டார்.

இருபத்தொன்றாம் தேதி மத்தியானம் கூப்பிட்டார். "தண்டபாணி வந்து குந்திகினு கீறாரு. நான் இன்னிக்குப் போவல. நீ எப்ப வரியோ அன்னிக்குப் போறேன்" என்றார். கெஞ்சினேன். கேட்கவில்லை. கடைசியில், "இன்னிக்குப் போங்க அத்தா, சனிக்கெழம நான் கண்டிப்பா வரேன்" என்றேன். உன்னிடம் எழுதிக் கேட்டுக்கொள்ளலாம், நீ மறுக்க மாட்டாய் என்று நினைத்தேன். அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? "சனிக்கெழம வரியா? அப்ப சனிக்கெழமையே போறேன்மா. ரெண்டு நாளு இன்னா ஆயிடப் போவுது" என்று வைத்துவிட்டார். நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் தண்டபாணியோடு போயிருப்பாரோ என்னவோ. எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மறுபடி போன். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. நான் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரயில் ஏறினேன். உங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியது ஞாபகம் வந்தது. அங்கேயே நின்று தண்டபாணிக்குப் போன் செய்தேன். "நல்லாத் தூங்குறாரும்மா, மூச்சு பரவால்ல" என்றார். திரும்பிவிட்டேன். பத்து வீடு தள்ளித்தான் ஆஃபி. உள்ளே போயிருந்தால் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பேன். உன் சொல்லை மீற எனக்கு இன்னொரு முறை தைரியம் வரவில்லை.

அவருடைய இதயம் முன்பே பலவீனமாக இருந்தது என்றும், அந்த இரண்டு நாள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். அதையும் எழுதிவிடுகிறேன்.

என் பி.எச்டி. பதிவு நவம்பரில் ரத்தாகிவிட்டது. அது சரிதான். செவ்வாய், வியாழன், சனி மாலைகள் காலியாகிவிட்டதால், மிச்சம் எழுநூற்று இருபத்தெட்டுப் படங்களையும் போட்டேன். உன் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஜனவரி முதல் வாரம் முடிந்தது. மற்றவர்களுக்கு வந்த எண்தான் எனக்கும் வந்தது. அதன் பிறகு உன்னுடையதைத் திறந்தேன். தப்பு ஒன்பது படங்களில் இருக்கிறது. நான்கு பரிமாணத்தில் பூஜ்யமாகிவிடும் ஓர் உறுப்பை நீ முன்கூட்டியே நீக்கிவிட்டாய். அதற்குக் கீழே வகுக்கிற இடத்திலும் ஒரு பூஜ்யம் நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு மிச்சம் வருகிறது. வேறெங்கும் தப்பில்லை. அன்றே போட்டிருந்தால் அன்றே பிடித்திருப்பேன். பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

ஜெயா


மைன்ஸ்
30 மார்ச் 2025

ஜெயா,

இன்று இங்கே பெருநாள். தொழுகைக்குப் போய்விட்டு வந்து, போன் செய்ய யாரும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்பது படங்களையும் மறுபடி போட்டேன். நீ சொல்வதுதான் சரி.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜனவரி இருபத்திரண்டு புதன்கிழமை அத்தா எனக்கும் போன் செய்தார். "ஒனக்கும் ஜெயாவுக்கும் எதுனா சண்டையா? பரீட்சை பரீட்சைன்னே சொல்லுது. நீ சொன்னா அது வரும், சொல்லேன்" என்றார். "சண்டை எல்லாம் இல்ல அத்தா, நெஜமாவே பரீட்சைதான்" என்றேன். செவ்வாய்க்கிழமை போகவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாணவர்களின் தாள் கட்டு மேஜையில் இருந்தது. வைக்கட்டுமா என்று கேட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு உனக்கு ஒரு வார்த்தை எழுதியிருந்தால் வியாழக்கிழமை நீ அந்தத் தெருவில் நின்றிருக்க மாட்டாய்.

அதனால் கல்மண்டபத்திலிருந்து உன்னை அப்படிக் கேட்டபோது எனக்குப் பாதி விடை தெரியும். நீ வேறு ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். ஷார்ஜாவில் இருக்கும் பேரனுக்காக ஏங்கினார், ஊர்க்கதை பேசினார், களைப்பாக இருக்கிறது என்றார், இப்படி எதையாவது. ஒருமுறை எனக்காகச் சொன்னவள்தானே. இந்த ஒரு முறை நீ பொய் சொல்லியிருக்கலாம், ஜெயா.

பொய் சொல்லாததற்காக உனக்கு நன்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்றாவது எழுதுவேன். இன்று முடியவில்லை. அதுவரை நீ எனக்கு எழுத வேண்டாம். உன் கடிதம் வந்தால் நான் திறந்துவிடுவேன்.

நைனாவுக்கும் திலீப்புக்கும் என் சலாம்.

ஆஃபி